குதிரை, குடும்பம், கேரவன்: மூன்றுக்கும் ஒத்த மலை எது?

வாசகர் கேள்வி: வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். மார்வாரிப் பெண்குதிரை ஒன்றும், பிள்ளைகள் ஏறுவதற்கு மட்டக்குதிரை ஒன்றும் வைத்திருக்கிறோம். டிராவலர் வண்டியைக் கேரவனாக மாற்றியிருக்கிறோம். உள்ளே 4 பேர் படுக்கலாம், மீதிப் பேருக்குக் கூடாரம். அம்மாயி, நாங்கள் இருவர், தம்பியும் அவர் வீட்டுக்காரியும், இரண்டு பிள்ளைகள் என்று மொத்தம் 7 பேர். மே மாத லீவில் குதிரைகளையும் கூட்டிக்கொண்டு 3 நாள் மலையில் தங்க ஆசை. ரிசார்ட்டு வேண்டாமுங்க, திறந்த வெளியும் மரத்தடியும் போதும். பர்கூர் மலை, தாளவாடி, கொல்லிமலை, ஏற்காடு இவற்றில் எங்கே போகலாம்? இடத்தை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: வணக்கமுங்க. இடம் தேடுவதைக் குதிரையிலிருந்து தொடங்குங்கள். மனிதருக்கு ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் மறுநாள் சரியாகிவிடும். கேரவன் மேடு பள்ளத்தில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொள்ளலாம். குதிரைக்குத் தண்ணீரும் தீனியும் திடீரென்று மாறினால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். குதிரைக்கு ஒத்துவரும் இடம் உங்கள் குடும்பத்துக்கும் பெரும்பாலும் ஒத்துவரும். குடும்பத்துக்குப் பிடித்த இடம் குதிரைக்கு ஒத்துவரும் என்று நம்ப முடியாது.

அப்படிப் பார்த்தால் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு மலைகளும் முதலிலேயே கழிந்துவிடுகின்றன. தாளவாடி, தலமலை, கடம்பூர் வட்டாரத்துக் காடுகள் 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலைக்காடு 2024 ஜனவரியில் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் இந்தக் காடுகளுக்குள் குதிரை ஓட்டுவதும், கூடாரம் அடிப்பதும், தீ மூட்டுவதும் குற்றம். ஊருக்குள் பட்டா நிலத்தில் தங்கினால் போச்சு என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லக்கூடும். சட்டப்படி அது வேறு விஷயம்தான், ஆனால் யானைக்குப் பட்டா நிலம், காடு என்ற கணக்கெல்லாம் கிடையாது. ஊறவைத்த கொள்ளு, வெல்லம், உப்பு, தவிடு என்று குதிரைக்கு நீங்கள் கொண்டுபோகும் எல்லாமே யானையை இழுக்கும் வாசனை. யானை வந்தால் நீங்கள் கேரவனுக்குள் ஓடிவிடலாம், கட்டியிருக்கும் குதிரை எங்கே ஓடும்? அறுத்துக்கொண்டு ஓடினாலும் இருட்டில் பள்ளத்தில்தான் விழும். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துத் தடையும் உண்டு. நள்ளிரவில் குதிரைக்கு முடியாமல் போய்க் கீழே இறக்க வேண்டி வந்தால் சோதனைச்சாவடியில் மாட்டிக்கொள்வீர்கள்.

வால்பாறையும் வேண்டாம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள், சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், மழைக்காலத்தில் அட்டை. தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை தாக்கிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், சீசனில் பாதையில் நெரிசலும் கூடுதல். குதிரை வண்டியோடு அங்கே போய் நிற்பது குதிரைக்குத் தண்டனை.

மீதி கொல்லிமலையும் ஏற்காடும். இரண்டும் யானை நடமாட்டம் இல்லாத மலைகள். இரண்டிலும் காபி, மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே தனியார் நிலம் தாராளமாக இருக்கிறது. வித்தியாசம் பாதையில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70. ஒவ்வொரு வளைவிலும் குதிரை நான்கு காலையும் அகட்டி ஊன்றி, உடம்பைச் சாய்த்து நிலைகொள்ள வேண்டும். 70 முறை அப்படிச் செய்த குதிரை, வெகுதூரம் நடந்த குதிரையைப் போலவே சோர்ந்து இறங்கும். மேலே போய்ச் சேர்ந்த பிறகு கொல்லிமலைதான் குதிரைக்கு நல்லது. செம்மேடு, சோளக்காடு சுற்றுவட்டாரத்தில் நெல்வயலும் மரவள்ளிக்காடும் சமவெளி மாதிரி விரிந்து கிடக்கின்றன, ஊர்களுக்கு இடையே மண் தடங்கள் உண்டு, பிள்ளைகளை மட்டக்குதிரையில் ஏற்றி நடத்தலாம். ஏற்காட்டில் வார இறுதியில் தார் ரோடெல்லாம் கார். ஏரிப் பக்கம் எட்டிப்பார்க்காமல் நாகலூர், வாழவந்தி போலத் தள்ளியிருக்கும் ஊர்களில்தான் இடம் தேட வேண்டும். அங்கே காட்டெருமை நடமாட்டம் உண்டு. அந்தி சாய்ந்த பிறகு குதிரை ஏறக் கூடாது.

உங்கள் குதிரைகள் இதுவரை அதிகமாகப் போனது அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைவரைதான் என்றால் முதல் பயணம் ஏற்காடாக இருக்கட்டும். 3, 4 மணி நேரம் வண்டியில் நின்று பழகிய குதிரைகள் என்றால் கொல்லிமலைக்குப் போங்கள். நடுவே ஒரு நாள் பக்கத்து ஊர் மலைக்கோயில் பாதையில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். வேர்த்து நனைந்து, நடுங்கி, சோளத்தட்டைத் தொடாமல் நின்றால் இந்த வருடம் குதிரையில்லாமல் போய்வருவதே சரி.

மாதத்தைக் கட்டாயம் மாற்றுங்கள். மே மாதத்தில் ஏற்காட்டுக் கோடைவிழாக் கூட்டம் ஒரு பக்கம், சாயங்காலத்தில் கோடை மழையும் இடியும் இன்னொரு பக்கம். உயரமான மரத்தடியில் கட்டியிருக்கும் குதிரைதான் மின்னலுக்கு முதலில் அகப்படும். மாசி, பங்குனியில் காடு காய்ந்து தீப்பிடிக்கும் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிகள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு வனத்துறை மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டுப் பாதையே அடைபட்டது. பொங்கல் கூட்டம் கலைந்ததிலிருந்து தை கடைசிவரைதான் சரியான காலம். ஊற்றில் தண்ணீர் இருக்கும், தரை காய்ந்திருக்கும், ஈயும் உண்ணியும் குறைவு. பிள்ளைகளுக்கு ஒரு நாள் லீவு போட்டு வார இறுதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்தைவிட மேலே 6, 7 டிகிரி குளிரும். அம்மாயிக்குக் கம்பளி, குதிரைகளுக்கு முதுகில் போடச் சாக்கு அல்லது கம்பளி வேண்டும்.

இனி இடம். போனில் பேசியும் படத்தைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். 10 நாளுக்கு முன்பு உங்களில் ஒருவர் பைக்கில் போய்ப் பார்த்து வரட்டும். கையில் அளவு நாடா, ரசமட்டம், ஒரு கடப்பாரை இருந்தால் போதும்.

முதலில் தண்ணீர். உங்கள் பெண்குதிரை 380 கிலோ, மட்டக்குதிரை 200 கிலோ என்று வைத்துக்கொண்டால், சாதாரண நாளில் முன்னது 30 முதல் 35 லிட்டர், பின்னது 15 முதல் 18 லிட்டர் குடிக்கும். வேர்த்தால் இன்னும் கூடும். 7 பேருக்குச் சிக்கனமாகத் தலைக்கு 20 லிட்டர் என்றால் 140. ஆக நாளொன்றுக்கு 200 லிட்டர், 3 நாளைக்கு 600. கேரவன் தொட்டியை நம்பி இதைச் சமாளிக்க முடியாது. தோட்டக்காரரிடம் கிணறோ போரோ இருக்கிறதா, 1,000 லிட்டர் தொட்டி ஒன்றை உங்களுக்கென்று நிரப்பித் தருவாரா என்று கேளுங்கள். ‘ஓடையில தண்ணி ஓடுதுங்க’ என்று சொன்னால் கூடவே போய்ப் பாருங்கள். அந்த ஓடைதான் கீழே உள்ள ஊருக்குக் குடிதண்ணீர் என்றால் குதிரையை அதில் இறக்கக் கூடாது. குதிரை கட்டும் இடம் எந்த நீர்நிலைக்கும் 60 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

அடுத்தது தரை. பத்து இடங்களில் கடப்பாரையை ஒரே வேகத்தில் குத்திப் பாருங்கள். சிவந்த சரளை மண்ணில் நாலு விரல் இறங்கி நின்றுவிட்டால் கேரவனைத் தாங்கும். ஒரு சாண் வழுக்கிக்கொண்டு இறங்கினால் ஒரு மழைக்கே சக்கரம் புதையும். வயலை ஒட்டிய இடங்களில் மேலே காய்ந்து உள்ளே சேறாக இருக்கும், அங்கே ஏமாந்துவிடாதீர்கள். ரசமட்டத்தை நீளமான பலகைமேல் வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டருக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் சரிவு இருந்தால் ராத்திரி எல்லாரும் ஒரு பக்கமாக உருளுவீர்கள், ஃபிரிட்ஜும் சரியாக ஓடாது. டிராவலர் திரும்புவதற்குக் குறைந்தது 15 மீட்டருக்கு 15 மீட்டர் வெட்டவெளி வேண்டும். ரிவர்ஸில்தான் வெளியேற முடியும் என்ற இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். நள்ளிரவு அவசரத்துக்கு அது உதவாது.

பிறகு நிமிர்ந்து பாருங்கள். மின்கம்பி தாழ்வாகப் போகிறதா, பட்ட கிளை தொங்குகிறதா என்பது எல்லாருக்கும் கண்ணில் படும். மலைத்தேன் கூடுதான் படாது. பாறை விளிம்பு, உயர்ந்த மரக்கிளை, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம் மூன்றையும் பாருங்கள். கீழே அடுப்புப் புகை எழும்பினால் தேனீக்கள் கூட்டமாக இறங்கும். மனிதர் ஓடிவிடுவார்கள், கட்டிய குதிரை கொட்டுப்பட்டுச் செத்துப்போகும். 200 மீட்டருக்குள் கூடு இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

வேலியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். முள்கம்பி வேலி இருட்டில் குதிரைக்குத் தெரியாது, மார்பும் முன்னங்காலும் கிழிந்துபோகும். காட்டுப்பன்றிக்குப் பயந்து பக்கத்துத் தோட்டத்தில் மின்வேலி போட்டிருக்கிறார்களா, அவுட்டுக்காய் (பன்றி கடித்தால் வெடிக்கும் காய்) வைக்கும் வழக்கம் உண்டா என்று தோட்டக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது. பக்கத்துக் காட்டுக்காரரிடமும், ஆடு மேய்ப்பவரிடமும் கேளுங்கள். ஆடு மேய்ப்பவருக்குத்தான் எல்லாம் தெரிந்திருக்கும்.

செடிகளில் நாலைந்தை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். அரளி ஒரு கைப்பிடி இலை போதும், குதிரையின் இதயம் நின்றுவிடும். வாசலில் அழகுக்கு வைத்திருப்பார்கள், வெட்டிக் குவித்த காய்ந்த இலையும் அதே அளவு நஞ்சு. உன்னிச்செடி கல்லீரலைக் கெடுக்கும். ஆமணக்குக் கொட்டை, ஈரமான மலைச்சரிவுகளில் வளரும் பெரணி ஆகியவையும் ஆகாது. கொல்லிமலையில் எங்கே பார்த்தாலும் மரவள்ளி. அதன் இலையும் கிழங்குத் தோலும் நச்சுள்ளவை என்பதால் காட்டோரம் குதிரையை மேயவிடாதீர்கள். பசித்த குதிரைதான் கண்டதைக் கடிக்கும். கட்டுமுன் வயிறாரத் தட்டுப் போட்டுவிட்டால் பாதி ஆபத்து தீர்ந்தது.

தீனியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். உடல் எடையில் 100-க்கு 2 பங்கு உலர்தீனி என்பது கணக்கு. பெண்குதிரைக்கு ஏழரை கிலோ, மட்டத்துக்கு 4 கிலோ. 3 நாளைக்கும் ஒரு நாள் கையிருப்புக்குமாக 50 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) அறுத்துக் காயவைத்த கொழுக்கட்டைப் புல் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை (வருடம் முழுக்க அதை மட்டுமே போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் எலும்பைக் கெடுக்கும், நாலு நாளுக்கு ஒன்றும் ஆகாது). வைக்கோலில் சத்தும் இல்லை, குடலில் அடைத்துக்கொள்ளவும் செய்யும். அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். திடீரென்று மாறும் தீனிதான் மலைப்பயணத்தில் குதிரையைப் படுக்கவைக்கும் முதல் காரணம். கொள்ளு வேலைக்கு ஏற்ற தீனி, சும்மா நிற்கும் நாளில் பாதியாகக் குறையுங்கள். அமெரிக்காவில் பல தேசிய வனங்களில் களைவிதை இல்லை என்று சான்று பெற்ற உலர்தீனியைத்தான் குதிரை முகாமுக்குள் கொண்டுவர விடுகிறார்கள். பார்த்தீனிய விதை கலந்த தட்டை மலைமேல் கொட்டி வராதீர்கள் என்று நாம் சொல்வதும் அதே அக்கறையில்தான்.

தண்ணீர் மாறினால் சில குதிரைகள் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டுத் தண்ணீரில் வாளிக்கு ஒரு பிடி வெல்லம் கரைத்துக் காட்டுங்கள். மேலே போயும் அதையே செய்தால் புதுத்தண்ணீரின் வாசனை தெரியாது. வாளியும் வீட்டு வாளியாகவே இருக்கட்டும். ஊர்ப் பொதுத்தொட்டியில் குடிக்கவிடக் கூடாது. குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோய் மூக்குச்சளி வழியாகத் தண்ணீரில் கலந்து பரவும், மனிதரையும் தொற்றும். சந்தைக்குப் போய்வந்த குதிரைகள் என்றால் புறப்படுமுன் கால்நடை மருத்துவரிடம் அதற்கான ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்பதையும் பாருங்கள். கல்லிலும் கம்பியிலும் காயம்படும் இடத்துக்குப் போகிறீர்கள், குதிரைக்கு அந்த நோய் வந்தால் பிழைப்பது அரிது. லாடம் மாற்றுவதானால் 10, 12 நாளுக்கு முன்பே மாற்றுங்கள். முந்தின நாள் அடித்த ஆணி உள்சதையை அழுத்தியிருந்தால் மலைமேல் போய்த்தான் நொண்டும்.

வண்டி விஷயத்தில் 1978-ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள் தெளிவாக இருக்கின்றன. கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும். குதிரைகளுக்கு இடையே குறைந்தது 8 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள மூங்கிலும், பின்பக்கம் இரண்டு உறுதியான குறுக்குக் கட்டைகளும் வேண்டும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்கத் தலை இடப்பக்கம் பார்க்க வேண்டும். உடன் ஓர் ஆள் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த வேகக் கணக்கைப் பலரும் மதிப்பதில்லை, ஆனால் மலைப்பாதையில் குதிரையின் கால் தாங்குவது அந்த வேகத்தில்தான்.

பிக்கப்பில் இரண்டையும் நெருக்கித் திணிக்காமல் 14 அடி ஈச்சர் வண்டி பிடியுங்கள். இரும்புத் தரையில் வைக்கோல் போட்டால் சாணியும் மூத்திரமும் சேர்ந்து வழுக்கும். அடியில் தென்னைநார்ப் பாய், அதன்மேல் இரண்டு விரற்கடை ஆற்றுமணல் பரப்புங்கள். தலைக்கயிற்றை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போட்டு, கூட நிற்பவர் இடுப்பில் ஒரு கத்தி வைத்திருக்கட்டும். தலையை ரொம்ப உயரத்தில் இறுக்கிக் கட்டினால் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியேறாது. நின்ற இடத்தில் தலையைத் தாழ்த்திச் செருமும் அளவுக்குக் கயிறு விடுங்கள்.

கோபியிலிருந்து பவானி, சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வழியாகக் காரவள்ளி ஏறக்குறைய 130 கிலோமீட்டர். இந்த வேகத்தில் நடுவே இரண்டு முறை நிறுத்தித் தண்ணீர் காட்டினால் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 2 மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்கு அடிவாரம் சேருங்கள். அங்கே குதிரைகளை இறக்கி ஒரு மணி நேரம் நடத்தி, உலர்தீனி மட்டும் கொஞ்சம் போடுங்கள். கொள்ளு வைக்காதீர்கள். ஏறும்போது குதிரை வண்டி முன்னால் போகட்டும், கேரவன் அதன் வேகத்துக்குப் பின்னால் வரட்டும். டீசலை அடிவாரத்திலேயே நிரப்பிவிடுங்கள். கேரவனின் தண்ணீர்த் தொட்டி ஒன்று முழுதாக நிறைந்திருக்க வேண்டும், அல்லது காலியாக இருக்க வேண்டும். பாதித் தொட்டித் தண்ணீர் வளைவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியை இழுக்கும். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் லைனிங் கருகும் வாசனை வரும். வந்தால் அங்கேயே ஓரம்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அரசுப் பேருந்தே ஓடும் பாதை என்பதால் டிராவலர் தாராளமாக ஏறும். வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் கோத்து இழுத்துவரும் யோசனை யாருக்காவது இருந்தால் கைவிடச் சொல்லுங்கள்.

மேலே குதிரை கட்டுவதுதான் இந்தப் பயணத்தின் மையம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பக்கம் முளைக்குச்சி அடித்து நீளக் கயிற்றில் விடுவது வழக்கம். தெரிந்த கட்டுத்தரையில் அது சரி. புது இடத்தில் மிரண்ட குதிரை சுற்றிச் சுற்றி ஓடிக் கயிற்றைக் குளம்புக்கு மேல் சுற்றிக்கொள்ளும், ஒரே இழுப்பில் தோலும் சதையும் வழண்டு வந்துவிடும். அதற்குப் பதிலாக மேல்கயிறு கட்டுங்கள். 8 முதல் 10 மீட்டர் இடைவெளியில் நிற்கும் உயிருள்ள இரண்டு மரங்களைத் தேர்ந்தெடுங்கள். சில்வர் ஓக் காற்றில் முறியும், மிளகுக்கொடி படர்ந்த மரத்தில் கட்டினால் தோட்டக்காரருக்கு நட்டம். பலா மரம் நல்லது, பழம் தொங்கும் காலமாக இல்லாவிட்டால். மரத்தில் நாலு விரல் அகலப் பட்டையோ மடித்த சாக்கோ சுற்றி, அதன்மேல் ஏழடி உயரத்தில் 12 மில்லிமீட்டர் நைலான் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். இருவர் சேர்ந்து தொங்கினால் ஒரு சாண்தான் தொய்ய வேண்டும். ஒவ்வொரு மரத்திலிருந்தும் இரண்டரை மீட்டர் தள்ளிக் கயிற்றில் நகராத முடிச்சுப் போட்டு ஒரு வளையம் வையுங்கள். அதிலிருந்து தலைக்கயிறு இறங்கும். கயிற்று முனையின் கொக்கி தரையிலிருந்து ஒரு முழம், ஒன்றரை முழம் உயரத்தில் தொங்க வேண்டும். அந்த நீளத்தில் குதிரை தீனி எடுக்கும், படுக்கும், ஆனால் காலைக் கயிற்றுக்கு மேல் தூக்கிப் போட முடியாது. அளவு சரியா என்று தெரிய, கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு குந்திப் பாருங்கள். உங்கள் முழங்கால் உயரத்துக்கு வந்தால் சரி.

கயிறு கட்டும் இடம் கேரவன் வாசலிலிருந்து நேராகத் தெரிய வேண்டும், 30 மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். காற்று குதிரைப் பக்கமிருந்து கூடாரப் பக்கம் வீசினால் ஈ உங்கள் சோற்றுக்கு வரும். கழிப்பிடத்துக்குப் போகும் வழி குதிரைகளின் பின்பக்கமாகப் போகக் கூடாது. பிள்ளைகள் தூக்கக் கலக்கத்தில் அந்த வழியாகத்தான் நடப்பார்கள். புறப்படுமுன் உங்கள் தோட்டத்திலேயே வேப்ப மரங்களுக்கு நடுவே இரண்டு ராத்திரி இப்படிக் கட்டிப் பழக்குங்கள்.

இரண்டும் சேர்ந்து நாளைக்கு 25 கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும். காலை, மாலை அள்ளி, ஓடைக்கு எதிர்ப்பக்கம் ஒரே இடத்தில் குவியுங்கள். மக்கிய பிறகு தோட்டக்காரர் காபிக்குப் போட்டுக்கொள்வார். குதிரையோடு வருபவர்களை அடுத்த முறையும் உள்ளே விடுவார்களா என்பது இந்தக் குவியலைப் பார்த்துத்தான் முடிவாகும்.

கேரவன் பற்றிக் கொஞ்சமே சொல்ல வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் கழிவறைப் பெட்டி 7 பேருக்கு ஒரு நாள்கூடத் தாங்காது. நிலத்தில் செப்டிக் டேங்கோடு ஒரு கழிப்பறை இருந்தே ஆக வேண்டும், அம்மாயிக்காக மேற்கத்தியக் கழிப்பறையாக இருந்தால் நல்லது. மின்சாரம் தோட்டத்து வீட்டு இணைப்பிலிருந்து மட்டும் எடுங்கள். கிணற்று மோட்டாரின் இலவச விவசாய இணைப்பிலிருந்து எடுத்தால் தோட்டக்காரருக்கு அபராதம், உங்கள் பொருள்களுக்கு மின்னழுத்த ஏற்ற இறக்கம். 2.5 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பி ஒயரைச் சுருளிலிருந்து முழுக்கப் பிரித்துப் போடுங்கள், சுருளோடு விட்டால் சூடேறி உருகும். எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஏசி தேவைப்படாத ஊருக்குப் போகிறீர்கள். ஆகவே ஜெனரேட்டரை வீட்டிலேயே விடுங்கள். 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு தரைத்தளத்து ஓட்டை வழியாக உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று கண்டறிந்தார்கள். அந்த வாயுவுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். குளிருக்காகக் கரியடுப்பைக் கேரவனுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள். சமையல் வெளியே, தரையைச் செதுக்கிய இடத்தில், பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீரோடு. தீனிக்கட்டுகள் அடுப்பிலிருந்து எட்டத்தில் இருக்கட்டும்.

குதிரைக்கு முடியவில்லை என்பதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும். தீனியை மறுப்பது, திரும்பித் திரும்பி விலாவைப் பார்ப்பது, முன்னங்காலால் தரையைச் சுரண்டுவது, புரள்வது, 8 மணி நேரமாகச் சாணி போடாதது எல்லாம் வயிற்றுவலியின் அறிகுறிகள். தாடைக்கு அடியில் உருளும் நாடியை விரலால் அழுத்தி எண்ணுங்கள். நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இயல்பு, ஓய்வில் 60-ஐத் தாண்டினால் மருத்துவர் வந்தே ஆக வேண்டும். தீனியை எடுத்துவிட்டு மெதுவாக நடத்துங்கள். நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ பாட்டிலில் ஊற்றி வாய்வழியாகக் கொட்டாதீர்கள். பாதி எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகிவிடும், வயிற்றுவலியில் பிழைத்த குதிரையும் அதில் போய்விடும். கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண் இருக்கிறது. ஆனால் இடத்தைப் பார்க்கப் போகும்போதே உங்கள் போனில் அங்கே சிக்னல் எத்தனை கட்டை வருகிறது, உள்ளூர்க் கால்நடை மருத்துவர் ராத்திரி வருவாரா என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் திருப்தியான பதில் இல்லாத இடத்தில் குதிரையோடு ராத்தங்காதீர்கள்.

அம்மாயிக்கு ஒன்று. கொல்லிமலை போனால் ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேல் படி. இறங்கிவிடலாம், ஏறிவருவதுதான் கஷ்டம். அறப்பளீசுவரர் கோயிலோடு அவரை நிறுத்திக்கொண்டு மற்றவர்கள் போய்வாருங்கள். எந்த நேரத்திலும் பெரியவர் ஒருவர் குதிரைகளோடு இருக்க வேண்டும் என்பதால் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் மதியம் 12 மணிக்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடுங்கள், பிற்பகலில் மூடுபனி இறங்கும். வீடு சேர்ந்ததும் காது மடல், வால் அடி, தொடை இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். குளம்பின் அடியில் கல் சிக்கியிருந்தால் குத்தி எடுங்கள். வந்த நாளும் மறுநாளும் கொள்ளு வேண்டாம். தட்டும் தண்ணீரும் மட்டும் வைத்து, காலை மாலை உடல் சூடு பாருங்கள். 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ மூக்கில் சளி ஒழுகினாலோ தோட்டத்து மற்ற கால்நடைகளிலிருந்து பிரித்துக் கட்டி மருத்துவரை வரச்சொல்லுங்கள்.